ஏழு வயதுக்கான அளவு

அந்தப் பாவாடை மாம்பழ மஞ்சள். அரக்குக் கரை, கரை முழுக்கச் சின்னச் சின்ன மயில்கள். தீபாவளி நெருங்கும் நாட்களில் ஜொகூர் பாருவில் ஒரு துணிக்கடைக்குள் நுழைவதும் தேர்த் திருவிழாவுக்குள் நுழைவதும் ஒன்றுதான். சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வந்தவர்கள் பாதி, நம்மவர்கள் பாதி, நடுவில் அழுகிற பிள்ளைகள். என்னோடு வேலை பார்த்த மேடம் அந்தக் கூட்டத்தில் யாரையும் இடிக்காமல் நேராகப் பிள்ளைகள் துணி இருக்கும் மூலைக்குப் போனார். ஒன்றை எடுத்து மடிப்பைப் பிரித்து, தன் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, காற்றில் பிடித்துப் பார்த்தார். அங்கே ஒரு பிள்ளை நிற்கிறது, அதன் மேல் வைத்து அளவு பார்க்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நானும் சுற்றிப் பார்த்தேன். பிள்ளை யாரும் இல்லை.

"எத்தனை வயசுப் பிள்ளைக்கு ஆன்ட்டி?" என்று கடைப்பெண் கேட்டாள்.

"ஏழு."

"வளர்ற பிள்ளை ஆன்ட்டி, ஒரு சைஸ் பெரிசா எடுங்க. அடுத்த வருசமும் போடலாம்."

"வேணாம்மா. இந்த அளவே சரியா இருக்கும்."

கடையை விட்டு வெளியே வந்ததும், "பேத்திக்கா மேடம்? சொல்லவே இல்ல!" என்று சீண்டினேன். அவருடைய ஒரே மகன் மெல்பர்னில் இருந்தான். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "பசிக்குது, வா, எதாவது சாப்பிடலாம்" என்றார். யாரோ தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு என்று நானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன்.

அப்போது நாங்கள் இருவரும் ஒரு பெரிய ஆய்வுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். பல நாடுகள் சேர்ந்து ஒரே கேள்விகளை எல்லா நாட்டுக் குடும்பங்களிடமும் கேட்பது: யார் யாரோடு வாழ்கிறார்கள், ஏன் பிள்ளைகள் குறைகின்றன, வயதானவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள். ஜொகூரில் தமிழ்க் குடும்பங்களிடம் கேட்கும் பகுதிக்கு மேடம்தான் பொறுப்பு. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, படித்து, வாழ்நாளெல்லாம் குடும்பக் கணக்கெடுப்பு வேலையிலேயே தலை நரைத்தவர். நான் கெலாங் பாத்தாக்காரி. தொழிற்சாலை அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை அவர்தான் இழுத்து வந்தார். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாமல், பெற்றோரும் போய், தனி வீட்டில் இருப்பவள் நான். "உலகம் பூரா தேடுற ஆளு நீதான் லா. உன்ன மாதிரி ஆளுங்க ஏன் கூடிக்கிட்டே போறாங்கன்னு கண்டுபிடிக்கத்தான் இத்தனை செலவு" என்பார். வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவர் சொன்னால் சிரிப்புதான் வந்தது.

எங்கள் அலுவலகம் ஒரு கடைவீட்டு மாடி. கீழே சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் தட்டும் சத்தம், மேலே நாங்கள் "குடும்பம் என்றால் என்ன" என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம். கேட்பதற்குச் சுலபமான கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனால் ஜொகூரில் அது பெரிய சிக்கல். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போய், பிள்ளைகள் தூங்கிய பிறகு வருகிற அப்பாக்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. வாரம் முழுக்க அங்கேயே தங்கி சனிக்கிழமை மட்டும் வருகிற பிள்ளைகள் உண்டு. வாரத்தில் பாதி நாளாவது அந்த வீட்டில் தூங்குகிறவரைத்தான் வீட்டு ஆள் என்று எழுத வேண்டும் என்பது தலைமைக் குழுவின் விதி. மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. "தூங்குறத வச்சு வீடுன்னா, ஹோட்டலும் வீடுதான். எங்க ஆளுங்ககிட்ட, யாருக்குச் சோறு எடுத்து வைப்பீங்கன்னு கேக்கணும். அதுதான் வீடு" என்றார். இதையே இணையக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் அழகாக எடுத்துச் சொன்னார். பல நாட்டுக்காரர்களுக்கும் அது பிடித்துப்போய்விட்டது. தமிழ் வினாப்பட்டியலில் அந்த வாக்கியம் அப்படியே ஏறியது: 'உங்கள் வீட்டில் யாருக்கெல்லாம் சாப்பாடு எடுத்து வைப்பீர்கள்?'

அவர் தெரியாமல்தான் அதை எழுதினாரா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அவருடைய வீட்டுக்கு அடிக்கடி போவேன். ஸ்கூடாயில் வரிசை வீடு. தனியாக இருந்தார், ஆனால் வீடு தனியாள் வீடு மாதிரி இருக்காது. பின்னால் ஒரு சின்ன அறையில் எப்போதும் விசிறி ஓடிக்கொண்டிருக்கும். கதவு பாதி திறந்திருக்கும். ஒரு முறை கரண்ட் வீணாகிறதே என்று நிறுத்தப் போனேன். சமையலறையிலிருந்து, "இருக்கட்டும்மா, ஓடட்டும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் ஏனோ கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளத் தோன்றியது. யாராவது உள்ளே தூங்குகிறார்களோ என்று நினைத்து, அதன் பிறகு அந்த வீட்டில் மெதுவாகவே பேசினேன்.

அடுத்த தீபாவளி வந்தது. திட்டம் இன்னும் திட்டமாகவே இருந்தது. இது போன்ற வேலைகள் ஊர் கூடித் தேர் இழுப்பவை, ஒரு நாடு இழுத்தால் இன்னொரு நாடு கட்டை போடும். மறுபடியும் அதே கடை, அதே மூலை. இந்த முறை கிளிப் பச்சை. மறுபடியும் இடுப்புக்குக் கீழே காற்றில் பிடித்துப் பார்த்தார். கடைப்பெண் கேட்டாள். "ஏழு" என்றார் மேடம்.

எங்கள் தொழிலில் வயது என்பது ஆண்டுக்கு ஒன்று கூடியே ஆகவேண்டும். கூடாவிட்டால் எங்கேயோ பிழை என்று அர்த்தம், திரும்பக் கேட்க வேண்டும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஆனால் அன்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பணம் கட்டும் வரிசையில் போய் நின்றேன்.

அதன் பிறகுதான் லாபிஸுக்குப் போனோம். ஆய்வு தொடங்குமுன் கேள்விகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று சில வீடுகளில் கேட்டுப் பார்ப்பது வழக்கம். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு வீடு. அந்த வீட்டம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்களைப் பார்த்ததும் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். அவருடைய வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து புல்வெட்டும் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கேட்பது, மேடம் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பது என்று ஏற்பாடு.

"யாருக்கெல்லாம் சாப்பாடு எடுத்து வைப்பீங்க அக்கா?"

"எனக்கு, வீட்டுக்காரருக்கு, சின்னவனுக்கு. பெரியவன் சிங்கப்பூருல, சனிக்கிழமதான் வருவான். அவனுக்கும் எடுத்து வச்சிருவேன். அப்புறம் பாப்பாவுக்கு."

"பாப்பாவுக்கு எத்தனை வயசு?"

"ஒம்பது."

"எந்த ஸ்கூல்ல படிக்குது?"

அந்த அம்மா என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். வாசலிலிருந்து அவருடைய வீட்டுக்காரர்தான், கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "அது கன்னிம்மா. வீட்டுச் சாமி. ஒம்பது வயசுல போயிருச்சு."

கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்பிள்ளையைக் கன்னியாக வைத்து வீட்டிலேயே கும்பிடுவது எங்களில் பல குடும்பங்களில் உண்டு. ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் பாவாடை சட்டை, வளையல், சீப்பு, கண்ணாடி, குங்குமம். ஆண்டுக்கு ஒரு முறை புதுத் துணி வைத்துப் படைப்பார்கள். பழைய துணியை உறவிலோ தெருவிலோ இருக்கிற ஒரு சிறுமிக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் அம்மா வழியில்கூட யாருக்கோ இருந்ததாகக் கேள்வி. எல்லாம் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி எனக்கு மஞ்சளும் பச்சையுமாக இரண்டு பாவாடைகள் கண் முன்னால் வந்தன. மேடம் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

மேடம் அந்த அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வினாக்களில் எங்கும் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"பாப்பாவுக்கு என்ன புடிக்கும்?"

"பண்டோங்கு" என்றார் அந்த அம்மா. ரோஸ் சிராப்பில் பால் ஊற்றி ஐஸ் போட்டுத் தருவார்களே, அது. "படையல்ல அது இல்லாட்டி அன்னிக்குப் பூரா வீட்ல எதையாவது கீழ தள்ளி விட்டுரும். அவ்வளவு ரோதனை."

"எங்க வீட்டுப் பாப்பாவும் அப்படித்தான்" என்றார் மேடம்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரிகள் பிள்ளைகளின் சேட்டையைச் சொல்லிச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. வெளியே ஒரு ரயில் போனது.

திரும்பும் வழியில் மேடம் வண்டியை பாலோ பக்கம் திருப்பினார். இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். ஓரிடத்தில் நிறுத்தினார், இறங்கவில்லை. "அந்த உள்ரோட்டுல போனா நாங்க இருந்த தோட்டம். எங்க வீட்டுக்காரர் அங்க தோட்ட ஆபீஸ்ல கிராணியா இருந்தாரு. பாப்பாவுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்னுதான் நெனச்சோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலேயே போயிட்டா. நான் கூட இல்ல. வேற ஒரு தோட்டத்துல, யாரோ ஒரு வீட்ல உக்காந்து, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்." ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "அதுக்கப்புறம் அந்தக் கேள்விய ஆயிரம் வீட்ல கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவ பக்கத்துல வந்து நிப்பா. பதில் அவளுக்கும் கேக்கணும்ல."

மேடம் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். செம்பனை வரிசைகளுக்கு நடுவே தெரிந்த இருட்டை நான் பார்க்காமலே வந்தேன்.

லாபிஸ் வீட்டு விஷயம் தலைமைக் குழுவுக்குப் போயிற்று. இறந்தவர் உயிரோடிருப்பவராகப் பதிவாகியிருக்கிறார், ஏன் என்று கேட்டார்கள். தலைமை ஆய்வாளர் நல்ல மனிதர்தான். வெள்ளைக்காரர், வெகு பணிவாகப் பேசுவார். மேடம் விளக்கினார்: தவறு அந்த அம்மாவுடையது அல்ல, கேள்வியுடையது, யாருக்குச் சோறு எடுத்து வைப்பீர்கள் என்று கேட்டோம், அவர் உண்மையைத்தான் சொன்னார். அத்தோடு ஒரு கோரிக்கையும் வைத்தார். வினாக்கள் நீளமாகிவிட்டன என்று, இறந்த பிள்ளைகளைப் பற்றிய பகுதியை அதற்கு முன்பே வெட்டியிருந்தார்கள். அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றார். நீங்கள் பிள்ளையை இழந்ததுண்டா என்ற கேள்வி. அந்தக் கூட்டத்தில் அவர் கெஞ்சினார் என்றே சொல்வேன், வார்த்தைகள் என்னவோ நிமிர்ந்துதான் இருந்தன. பதில் சொல்பவர்கள் மனம் புண்படும், அழுவார்கள் என்று மறுத்துவிட்டார்கள்.

திரை அணைந்த பிறகு என்னிடம் சொன்னார்: "கேட்டா அழுவாங்க. கேக்காட்டியும் அழுவாங்க. கேக்காதப்ப அழுதா பக்கத்துல ஆளு இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்." கீழே கடையில் யாரோ தே தாரிக் டீ கேட்டுக் கத்தினார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கேள்வியைத் திருத்த உட்கார்ந்தார். நான் எழுதித் தருகிறேன் என்றேன். கேட்கவில்லை. எடுத்து வைப்பீர்கள் என்ற வாக்கியத்துக்குக் கீழே தானே எழுதினார்: 'இப்போது உயிரோடு இருப்பவர்களை மட்டும் சொல்லுங்கள்.' ஒரு பெற்ற தாய் அந்த வாக்கியத்தை எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

வீடு வீடாகப் போகப் போகிறவர்களுக்கு ஒரு வாரம் பயிற்சி நடந்தது. ஒரு பெண் கேட்பாள், மேடம் பதில் சொல்பவராக உட்காருவார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், நல்ல தெளிவான குரல், கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு படித்தாள். உங்கள் வீட்டில் யாருக்கெல்லாம் சாப்பாடு எடுத்து வைப்பீர்கள்? இப்போது உயிரோடு இருப்பவர்களை மட்டும் சொல்லுங்கள்.

மேடம் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அறையில் குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும். அந்தப் பெண் திரும்பவும் படிக்கப் போனாள், நான் கண்ணால் தடுத்தேன். மேடத்தின் பார்வை அவருடைய வலப்பக்கம், நாற்காலிக் கையின் உயரத்துக்கு இறங்கி, அங்கேயே நின்றது. அவர் யாரிடமோ அனுமதி கேட்பது போல இருந்தது. டேப்லெட்டின் வெளிச்சம் தானாக மங்கியது. கடைசியில், "எனக்கு மட்டும்தான்" என்றார். எழுந்து வெளியே போனார்.

தேநீர் நேரம் முடிந்த பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்தார். எல்லாரையும் உட்காரச் சொன்னார். "இந்த எடத்துல சில பேரு உடனே பதில் சொல்ல மாட்டாங்க. அவசரப்படுத்தாதீங்க. திரும்பப் படிக்காதீங்க. சும்மா உக்காந்திருங்க, அவங்களா சொல்ற வரைக்கும்." அதை அன்றே குறிப்பாக எழுதித் தலைமைக் குழுவுக்கு அனுப்பினார். ஒரு கேள்வியைச் சேர்க்க மறுத்தவர்கள் இதை மறுக்கவில்லை. எல்லா மொழிக் கையேட்டிலும் அந்தக் கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்ந்தது: பதில் வரும்வரை காத்திருக்கவும். பிறகு வேறொரு நாட்டுக் குழுவில் இருந்த ஒருத்தி என்னிடம் கேட்டாள், இந்த வரி எங்கிருந்து வந்தது, எங்கள் ஊரிலும் ஜனங்கள் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுகிறார்களே என்று. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு அது என் பிள்ளை இல்லையே.

ஆய்வு முடிந்து முதல் அறிக்கை வருமுன் மேடம் போய்விட்டார். மாரடைப்பு. காரியங்கள் முடிந்த சில நாட்களில் அவருடைய மகன் என்னைக் கூப்பிட்டான். வீட்டை விற்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். நல்ல பையன், குரல் அம்மாவுடையது மாதிரியே இருக்கும்.

"ஆன்ட்டி, அந்தச் சின்ன ரூம்ல ஒரு பெட்டி இருக்கு. அக்காவோடது. எனக்கு அவ முகம்கூட சரியா ஞாபகம் இல்ல. அங்க கொண்டுபோனா எப்படிச் செய்யணும்னும் தெரியாது. கோயில்ல கேட்டேன், கடல்ல விட்டுறலாம்னாங்க. எனக்குக் கை வரல ஆன்ட்டி. நீங்க செஞ்சுர முடியுமா?"

செய்கிறேன் என்றேன். எங்கள் ஊர்ப் பக்கம் மீனவர்கள் படகு கட்டும் மரப்பாலம் ஒன்று இருக்கிறது. ஒரு காலை நேரம், நீர் ஏறியிருந்தபோது, பெட்டியோடு அங்கே போனேன். எதிரே சிங்கப்பூரின் கட்டடங்கள். கும்பிட்டுவிட்டு விட்டுவிட வேண்டியதுதான். குனிந்தபோது உள்ளே வளையல்கள் ஒன்றோடொன்று மோதின. அவ்வளவுதான் நடந்தது. நான் குனிந்ததில் பெட்டி சாய்ந்திருக்கலாம். ஆனால் வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்ன மாதிரிதான் எனக்குக் கேட்டது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். வண்டியில் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட்டையும் மாட்டினேன். யாராவது பார்த்திருந்தால் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். மகனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. நானும் காத்திருந்தேன். "பண்டோங் வைக்க மறந்துறாதீங்க ஆன்ட்டி" என்றான் கடைசியில்.

இப்போது என் வீட்டிலும் ஒரு சின்ன அறையில் விசிறி ஓடுகிறது. அவள் என் குலம் இல்லை, என் வயிற்றில் பிறந்தவளும் இல்லை. குடும்பம் என்றால் என்ன என்று அந்த மாடியில் மாதக்கணக்கில் வாதாடினோமே, அதில் எந்த வரையறைக்குள்ளும் நாங்கள் இருவரும் அடங்க மாட்டோம். சில நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது பயம் வருகிறது. சில நாள், வெளியே தாமதமாகிவிட்டால், வீட்டில் பிள்ளை தனியாக இருக்குமே என்று மனம் பதைக்கிறது. இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் அந்தக் கடைக்குப் போனேன். அதே கூட்டம், அதே மூலை. கடைப்பெண் மட்டும் வேறு, சின்னப் பெண். மயில் கரை போட்ட மஞ்சள் இந்த ஆண்டும் வந்திருந்தது. எடுத்து, மடிப்பைப் பிரித்து, இடுப்புக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். கை தானாகச் சரியான உயரத்தில் போய் நின்றது.

"யாருக்குக்கா? உங்க மகளுக்கா?"

எனக்குப் பதில் வரவில்லை. பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, திரும்பக் கேட்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. கையில் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு, நானாகச் சொல்கிறவரைக்கும் சும்மா நின்றாள்.

"ஆமா," என்றேன். "ஏழு வயசு."